தேர்தல் வந்தால் எல்லாத் துப்பாக்கியும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் 2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களின் காலமும் அதற்கடுத்த சில மாதங்களில் முடியும். தேர்தல் தேதி அறிவித்ததும் நாளிதழ்களில் ஒரு சின்னச் செய்தி தவறாமல் வரும்: உரிமம் பெற்ற துப்பாக்கிகளை உடனே காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். நாலு வரிச் செய்திதான். ஆனால் காட்டோரத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு, காட்டுப்பன்றியை விரட்டத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அந்த நாலு வரியில் ஒரு வெள்ளாமையே போய்விடும்.

அந்தச் செய்தியைப் படிக்கிற உரிமதாரர்களில் பலர், வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லாருக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறார்கள். பல ஊர்களில் போலீஸாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தியத் தேர்தல் ஆணையம் அப்படிச் சொல்லவில்லை. எல்லாத் துப்பாக்கிகளையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வைப்பது சரியா என்ற கேள்வி கோவாவிலிருந்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பிறகு 2009 செப்டம்பரில் ஆணையம் தெளிவான வழிமுறை ஒன்றை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் கொண்ட ஆய்வுக் குழு இருக்க வேண்டும். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து அந்தக் குழு உரிமங்களை ஒவ்வொன்றாக, ஆள் ஆளாகப் பார்க்க வேண்டும். யாரிடம் துப்பாக்கி இருந்தால் தேர்தல் அமைதிக்குக் கெடுதல் வரும் என்று குழு கருதுகிறதோ, அவரிடமிருந்துதான் வாங்கி வைக்க வேண்டும். உதாரணமாக மூன்று வகையினரை ஆணையமே சொல்லியிருக்கிறது: ஜாமீனில் வெளியே இருப்பவர், குற்ற வழக்குப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில், குறிப்பாகத் தேர்தல் நேரத்துக் கலவரத்தில் ஈடுபட்டவர். இந்த மூன்று வகையினரிடமிருந்தும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வாங்கி வையுங்கள். அதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

அப்படி வாங்கி வைப்பதற்கும் முறை உண்டு. ஆட்சியர் அந்த உரிமதாரர் பெயருக்குத் தனி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளிலிருந்து 7 நாட்களுக்குள் அவர் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்தால் முறையான ரசீது தர வேண்டும். முடிவு அறிவித்து ஒரு வாரம் கழிந்ததும் துப்பாக்கி அவர் கைக்குத் திரும்பி வந்தாக வேண்டும், அது மாவட்ட நிர்வாகத்தின் கடமை என்றும் அந்த வழிமுறையிலேயே இருக்கிறது. நோட்டீஸ் வந்தும் ஒப்படைக்காதவர் மீது அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக வழக்கு வரும். முன்பு அது இந்திய தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 223ஆம் பிரிவு. ஆகவே நோட்டீஸைக் கையில் வாங்கிவிட்டு வீம்புக்கு வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டு, அதன் பிறகு கேள்வி கேட்க வேண்டும்.

நோட்டீஸே இல்லாமல் போன் மட்டும் வந்தால்? 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. பொத்தாம்பொதுவாக எல்லாரையும் ஒப்படைக்கச் சொல்ல முடியாது, ஆய்வுக் குழு ஒருவரின் ஆயுதத்தைக் கேட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது உத்தரப் பிரதேச வழக்கு, நம் மாநிலத்து அதிகாரிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான ஆணையத்தின் வழிமுறை கன்னியாகுமரிக்கும் ஒன்றுதான், காட்பாடிக்கும் ஒன்றுதான்.

நாட்கணக்கைப் பார்த்தால் விவகாரத்தின் கனம் புரியும். 2024 மக்களவைத் தேர்தலை மார்ச் 16இல் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் வேட்புமனு திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30. ஆக, நோட்டீஸ் பெற்றவருக்குக்கூட ஏப்ரல் 6 வரை அவகாசம் உண்டு. அறிவித்த வாரத்திலேயே கொண்டுவந்து கொடுத்தவர் மூன்று வாரம் முன்னதாகவே துப்பாக்கியை இழந்திருக்கிறார். நமக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கையோ ஜூன் 4. நம் ஊரில் ஓட்டுப் போட்டு முடித்த பிறகும் 46 நாள், வடக்கே மற்ற கட்டங்கள் முடியட்டும் என்று துப்பாக்கி ஸ்டேஷனில் கிடந்தது. மொத்தம் 80 நாள். அதற்கு மேல் ஒரு வாரம்.

2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 26இல் சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு, மே 2இல் முடிவு. அக்டோபர் 6, 9 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல், 12இல் எண்ணிக்கை. அடுத்த ஜனவரியில் நகர்ப்புறத் தேர்தல் அறிவிப்பு, 2022 பிப்ரவரி 22இல் எண்ணிக்கை. ஒரு வருடம் முடிவதற்குள் இந்த மாவட்டங்களில் 3 தேர்தல். 2019 இன்னும் சிக்கல். பணப் பறிமுதலையொட்டி ஏப்ரல் 16இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. குடியாத்தம், ஆம்பூர் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் மட்டும் 18ஆம் தேதி நடந்தன. மக்களவைத் தேர்தல் ஆகஸ்ட் 5இல் நடந்து 9இல் முடிவு வந்தது. அணைக்கட்டிலும் கே.வி.குப்பத்திலும் ஏப்ரலில் வாக்குப்பதிவே இல்லை. அங்கே ‘முடிவு அறிவித்து ஒரு வாரம்’ என்பதை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது? இப்படி ஒரு நிலை வந்தால் மாவட்ட நிர்வாகம் தானாகவே எழுத்தில் ஒரு தேதி சொல்லிவிட வேண்டும்.

இப்போது வயலுக்கு வருவோம். பேரணாம்பட்டு, குடியாத்தம், ஒடுகத்தூர், அமிர்தி, ஆலங்காயம் பக்கம் இறைவைப் பாசனத்தில் மார்கழிப் பட்டத்து மல்லாட்டை ஏறக்குறைய 105 முதல் 110 நாள் பயிர். விதைத்து 70 நாள் தாண்டிப் பிஞ்சு திரண்டதும் காட்டுப்பன்றிக்கு மோப்பம் பிடித்துவிடும். ஒரு கூட்டம் இறங்கினால் செடியைத் தின்னாது. பாத்தியை மூக்கால் உழுதுகொண்டே போய்க் காயை மட்டும் எடுக்கும். விடிந்து பார்த்தால் செடியெல்லாம் வேரோடு புரண்டு கிடக்கும், காய் இருந்த இடத்தில் ஒரு சாண் குழி. மார்கழிக் கடைசியில் விதைத்தால் 70ஆம் நாள் என்பது மார்ச் இரண்டாம் பாதி. மக்களவை, சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பும் பெரும்பாலும் அந்த வாக்கில்தான் வருகிறது. உள்ளாட்சித் தேர்தல் அக்டோபரில் வந்தால் அப்போது மானாவாரிக் காய் திரண்டு நிற்கும். எந்த அதிகாரியும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் இரண்டு பட்டத்துக்கும் இரண்டு தேர்தலும் பொருந்தி வருகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் என்பது வேட்டை உரிமம் அல்ல. குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்காகப் பன்றியைச் சுட்டு வீழ்த்தலாம் என்று ஆகிவிடாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற தனி விஷயம், வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் சுட்டால் வழக்குத்தான். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் வேலை வனத்துறையினருக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது, விவசாயிக்கு அல்ல. விவசாயியின் துப்பாக்கிக்கு வேலை சத்தம் போடுவது. குண்டில்லாமல் மருந்து மட்டும் வைத்து, வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அந்த ஒரு வெடிக்குக் கூட்டம் அந்த ராத்திரிக்குத் திரும்பாது. உரிமப் புத்தகத்தில் நிலத்தின் பரப்பு குறிக்கப்பட்டிருந்தால் அந்த எல்லைக்கு வெளியே தூக்கிக்கொண்டு போவதும் நிபந்தனை மீறல்.

துப்பாக்கி இல்லாத அந்த எண்பது நாளில் என்ன நடக்கிறது என்பதுதான் உண்மையான கவலை. பழைய சேலை கட்டுகிறார்கள், தகர டப்பா தட்டுகிறார்கள், பட்டாசு கொளுத்துகிறார்கள். நாலைந்து நாளில் பன்றிக்கு எல்லாம் பழகிவிடும். அதன் பிறகு சிலர் கை வைப்பது மின்சாரத்தில். வீட்டு இணைப்பிலிருந்து நேரே கம்பிக்குக் கொக்கி போட்டு விடுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 3 யானைகள் ஒரே இடத்தில் இறந்தது இப்படிப்பட்ட கம்பியில்தான். யானை மட்டும் அல்ல, இருட்டில் தண்ணீர் திருப்பப் போகிற பக்கத்து நிலத்துக்காரரும் அதே கம்பியை மிதிப்பார். இன்னொன்று அவுட்டுக்காய், அதாவது இரைக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி. ஆடு மாடு கடித்தாலும் வாய் சிதறும், சிறுபிள்ளை எடுத்தால் கை போகும். உரிமம் பெற்று, எண் பதிந்து, கணக்கில் இருக்கிற ஒரு துப்பாக்கியை அகற்றிவிட்டு, கணக்கில் வராத இந்த இரண்டுக்கும் இடம் விடுவது எந்த வகையில் பாதுகாப்பு?

விலக்கு கேட்கும் முறையைச் சொல்கிறேன். தேர்தல் அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் எந்த மாதத்தில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும், ஒரு மாதம் முன்பே மனு தயாராக இருக்க வேண்டும். மனு ஆட்சியருக்கு, நகல் காவல் கண்காணிப்பாளருக்கு. வேலூரில் காவல் ஆணையரகம் இல்லாததால் உரிமம் வழங்கும் அதிகாரி ஆட்சியர்தான். மனுவில் உரிம எண், தேசிய ஆயுத உரிமப் பதிவேட்டில் தந்த தனி அடையாள எண், துப்பாக்கி வகை, அதன் எண், உரிமம் காலாவதியாகும் தேதி, நிலத்தின் சர்வே எண், பரப்பு, இப்போது நிற்கும் பயிர், விதைத்த தேதி, அறுவடைத் தேதி ஆகியவை இருக்க வேண்டும். சிட்டாவும் நடப்புப் பசலி அடங்கலும் வைக்க வேண்டும். அடங்கலில் பயிர்ப் பெயர் பழைய பயிராக இருந்தால் வி.ஏ.ஓ.விடம் சொல்லி முதலில் அதைத் திருத்த வேண்டும். ‘தரிசு’ என்று எழுதியிருக்கும் அடங்கலை வைத்துக்கொண்டு பயிர்ப் பாதுகாப்பு கேட்டால் மனு அங்கேயே விழுந்துவிடும். தன் மேல் வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை, ஜாமீனிலும் இல்லை என்று ஒரு வரி உறுதிமொழி சேர்க்க வேண்டும். பழைய சேத மனு ஏதேனும் வனச்சரக அலுவலகத்தில் கொடுத்திருந்தால் அதன் நகலும் வேண்டும். கடைசியில், ‘ஆய்வுக் குழு என் உரிமத்தைத் தனியாகப் பரிசீலித்து எடுக்கும் முடிவை எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன்’ என்ற வாக்கியம் கட்டாயம். மனு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்தில் கொடுத்தால் பதிவாகும், பதில் தேட இடம் இருக்கும்.

உள்ளாட்சித் தேர்தலில் இன்னும் ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல, மாநிலத் தேர்தல் ஆணையம். ஆகவே துப்பாக்கியைக் கேட்கும் உத்தரவு எந்த ஆணையத்தின் எந்த ஆணைப்படி வந்தது, எந்தச் சட்டப் பிரிவின்கீழ் வந்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது உரிமதாரரின் உரிமை. தேர்தல் என்ற ஒரே காரணத்துக்காக எல்லா உரிமதாரர்களிடமிருந்தும் ஆயுதத்தை வாங்கி வைக்கும் பிரிவு ஆயுதச் சட்டத்தில் இல்லை.

ஒப்படைக்கத்தான் வேண்டும் என்று முடிவானால் சில வேலைகளை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். தோட்டா போடும் பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கியை மடித்துத் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். நாட்டுத் துப்பாக்கியில் தெரியாது. போன மாதம் கெட்டித்த மருந்து குழலுக்குள்ளேயே இருக்கலாம், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை (cap) எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது ஆபத்து. கேப்பை எடுத்த பிறகு, முகமோ உடம்போ குழல் வாய்க்கு நேரே வராமல் ஒதுங்கி நின்று, கெட்டிக்கும் கம்பியை மெதுவாக உள்ளே விட வேண்டும். அடியில் முட்டியதும் வாயோரத்தில் விரலால் அடையாளம் பிடித்து, கம்பியை வெளியே எடுத்துக் குழலின் மேல் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். கம்பியின் நுனி கேப்பு முளை இருக்கும் இடம் வரை வந்தால் குழல் காலி. மூன்று நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் அடைப்பும் இருக்கிறது. அதை வீட்டில் குடைந்து எடுக்கப் பார்க்கக் கூடாது, உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் காட்டித்தான் எடுக்க வேண்டும். மருந்தையும் கேப்பையும் துப்பாக்கியோடு ஒரே பையில் கொண்டுபோகவும் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரை அறையில் எல்லாம் ஒன்றாகக் கிடந்தால் என்ன ஆகும் என்று ஸ்டேஷனில் இருப்பவர்களும் யோசிக்க வேண்டும்.

அடுத்தது துரு. கரிமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுக்கும். கடைசியாக வெடித்துவிட்டுக் கழுவாமல் கொடுத்த துப்பாக்கி மூன்று மாதம் கழித்து வரும்போது குழலின் உட்புறம் சிவந்து பொரிந்திருக்கும். அதைக் காவல் நிலையத்தின் மேல் சொல்லிப் பயனில்லை. கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுக் குழலைக் கழுவி, துணி வெள்ளையாக வரும் வரை துடைத்து, நன்றாகக் காய வைத்து, உள்ளும் புறமும் எண்ணெய் தடவிக் கொடுக்க வேண்டும். காயாமல் எண்ணெய் தடவினால் அடியில் ஈரம் தங்கி இன்னும் மோசமாகும்.

ரசீது விஷயத்தில் கூச்சமே கூடாது. ‘துப்பாக்கி ஒன்று’ என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு ரசீது ஆகாது. வகை, தயாரிப்பு, எண், குழல் நீளம், தோட்டா எத்தனை, கட்டையில் விரிசல் உண்டா, கேப்பைத் தட்டும் குதிரை சரியாக நிற்கிறதா, துரு உண்டா என்பதை ரைட்டரிடம் சொல்லி எழுத வைக்க வேண்டும். பொது நாட்குறிப்பில் பதிந்த எண்ணும் தேதியும் முத்திரையும் இருக்க வேண்டும். எண் தெரியும்படி நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. ஒரே மாதிரி பத்து நாட்டுத் துப்பாக்கி ஒரே மூலையில் சாத்தி வைத்திருக்கும்போது பட்டையில் கட்டிய காகிதம் கிழிந்துவிட்டால், எது யாருடையது என்று சொல்ல அந்தப் படம்தான் சாட்சி.

திரும்ப வாங்கும்போது தடங்கல் வருவது பெரும்பாலும் உரிமத்தின் தேதியால். துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும் மாதங்களில் உரிமம் காலாவதியாகிவிடும். ரசீது கையில் இருக்கிறதே என்று இவர் இருந்துவிடுவார். காலாவதியான உரிமத்துக்குத் துப்பாக்கியைத் திருப்பித் தர முடியாது, தரவும் கூடாது. இப்போது உரிமத்தின் ஆயுள் 5 வருடம் என்பதால் தேதி மறந்து போவது சுலபம். இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க மனுப் போட்டு, மனு ரசீதை ஸ்டேஷனிலும் காட்டிவிட வேண்டும்.

மாவட்டப் பிரிவினையும் ஒரு தலைவலி. 2019 நவம்பருக்கு முன் கொடுத்த புத்தகங்களில் வேலூர் ஆட்சியரின் முத்திரை இருக்கும், ஆள் இருப்பதோ ஆம்பூரில் அல்லது அரக்கோணத்தில். அவருடைய பதிவு திருப்பத்தூருக்கோ ராணிப்பேட்டைக்கோ மாறியிருக்கிறதா என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு முறை போய் உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வுக் குழுவின் பட்டியலில் அவர் பெயர் எங்குமே இருக்காது, அல்லது இரண்டு இடத்திலும் இருக்கும்.

இதைவிடப் பெரிய தப்பு அப்பாவின் துப்பாக்கி. பெரியவர் காலமானதும் உரிமம் அவரோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் விவரம் தெரியாமல் பரண்மேல் வைத்துவிடுகிறார்கள். தேர்தலுக்குக் கணக்கெடுக்க வரும்போது அது உரிமமில்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 2 முதல் 5 வருடம் வரை சிறை. காலமானவுடன் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கி, வாரிசு பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர் இருக்கும்போதே செய்துகொள்ளவும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. அவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற மனுக் கொடுக்கலாம். இந்த ஒரு விதியை எல்லா ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி வைத்தால் எத்தனையோ வழக்குகள் வராமலே போகும்.

இனி அரசியல். வாக்குக் கேட்டு வருகிறவர் எவராவது ‘நான் ஜெயித்தால் காட்டோரம் இருக்கிற எல்லாருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்’ என்று சொன்னால், அது அவர் கையில் இல்லாத பொருள். ஆயுதங்கள் பற்றிய சட்டம் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 5ஆவது இனம். ஊராட்சித் தலைவரோ ஒன்றியக் கவுன்சிலரோ சட்டமன்ற உறுப்பினரோ அதில் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து கேள்விப்பட்டு, அங்கே உள்ளூர்த் தேர்தலிலேயே துப்பாக்கி பெரிய விவகாரம் என்று பேசுகிறவர்கள் இங்கும் உண்டு. அங்கே ஆயுதம் வைத்துக்கொள்வது அரசமைப்பு தந்த உரிமை. ஒவ்வொரு மாநில சட்டமன்றமும் அதைப் பற்றிச் சட்டம் போடுகிறது, துப்பாக்கி உரிமைச் சங்கங்கள் வேட்பாளர்களுக்கு மார்க் போடுகின்றன. 2019 நவம்பரில் வர்ஜீனியா சட்டமன்றம் கைமாறியதும், புதிய துப்பாக்கிச் சட்டங்களை எதிர்த்து அந்த மாநிலத்தின் கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) வரிசையாகத் தீர்மானம் போட்டன. நம் கதை வேறு. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக இருந்தது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அரசமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார், சபை ஏற்கவில்லை. அன்றிலிருந்து இது நமக்கு அடிப்படை உரிமை அல்ல, சட்டம் தரும் உரிமம். சட்டம் தந்ததைச் சட்டப்படி நடத்துங்கள் என்று கேட்கத்தான் நமக்கு இடம் இருக்கிறது. அந்த இடம் சின்னதல்ல.

ஆகவே வேட்பாளரிடம் அவரவர் கையில் இருப்பதைக் கேட்க வேண்டும். மக்களவை உறுப்பினரிடம் கேட்க வேண்டியது, ஆணையத்தின் வழிமுறையில் ஒரு திருத்தம்: பயிர்ப் பாதுகாப்பு உரிமங்களுக்கு மட்டும், அந்த மாநிலத்தில் வாக்குப்பதிவு முடிந்த ஒரு வாரத்தில் துப்பாக்கியைத் திருப்பித் தரலாம் என்று ஒரு வரி. சட்டமன்ற உறுப்பினரிடம், நிலுவையில் கிடக்கும் விண்ணப்பங்களைப் பற்றி. காவல் நிலைய அறிக்கைக்கு 30 நாள், அது வந்த பிறகு ஆட்சியரின் முடிவுக்கு 60 நாள் என்று 2016 விதிகள் காலக்கெடு வைத்திருக்கின்றன, அந்தக் கெடு காக்கப்படுகிறதா என்று அவர் சட்டமன்றத்தில் கேட்கலாம். ஊராட்சித் தலைவரிடம் கேட்க வேண்டியது கிராமசபைத் தீர்மானம். வருடத்தில் 6 கிராமசபை நடக்கிறது. பன்றிச் சேதத்தை ‘விவசாயிகள் அவதிப்படுகிறார்கள்’ என்று ஒரு வரியில் எழுதினால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். சர்வே எண், ஏக்கர், பயிர், சேதமான தேதி என்று பட்டியலோடு தீர்மானம் போட்டால், அதே காகிதம் வனச்சரகருக்கும் பயன்படும், ஆய்வுக் குழுவுக்கும் பயன்படும்.

உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளுக்காக இந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஜவ்வாது மலைப் பக்கம் அவற்றைத் தாமாகவே ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸார் கேட்பது சரியான வேலை, மலையூர்ப் பெரியவர்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும். வாக்குப்பதிவு நாளில் உரிமம் உள்ளவராக இருந்தாலும் வாக்குச்சாவடி அருகே ஆயுதத்தோடு போகக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134பி பிரிவின்படி 2 வருடம் வரை சிறை, ஆயுதம் பறிமுதல், உரிமமும் ரத்து. ஊர்வலத்திலோ வெற்றிக் கொண்டாட்டத்திலோ வானத்தை நோக்கிச் சுடுவதும் 2019 முதல் தனிக் குற்றம். இவை எல்லாவற்றையும் கடுமையாக நடத்தட்டும்.

மூன்று மாவட்ட ஆட்சியர்களிடமும் கேட்பது இதுதான். அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும் ‘துப்பாக்கிகளை ஒப்படைக்கவும்’ என்று செய்திக்குறிப்பு அனுப்புவதற்குப் பதிலாக, ஆய்வுக் குழு கூடும் தேதி, விலக்கு மனு கொடுக்கக் கடைசி நாள், மனு வாங்கும் அலுவலகம், துப்பாக்கியைத் திருப்பித் தரும் தேதி ஆகிய நான்கையும் அறிவியுங்கள். தங்கள் நாளிதழ் அந்த நான்கையும் வேலூர் பதிப்பில் பெட்டிச் செய்தியாகப் போட்டால், ஒடுகத்தூர் டீக்கடையில் காலையில் பேப்பர் பார்க்கிறவர் அன்றைக்கே வி.ஏ.ஓ.விடம் அடங்கல் கேட்கப் போய்விடுவார்.

இப்படிக்கு,
உரிமதாரர்களுக்கு மனு எழுதித் தரும் வாசகர்,
குடியாத்தம்.